ஏழு முறை கழுவிய டேங்க்

மிளகாய்க்காரி என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். வாயும் அதே காரம்தான். அப்பேர்ப்பட்டவள் மூன்று வருஷமாக, கண்ட ஆபீசருக்கெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். எல்லாம் ஒரு காகிதத்துக்காக. இயற்கை விவசாயச் சான்றிதழ்.

அவள் புருஷன் கூலிக்கு மருந்தடித்தவர். விஷத்துக்கு மருந்து என்று பேர் வைத்த மகராசன் எவனோ! முதுகில் டேங்க், மூக்கில் ஒரு துண்டு, வேறு பாதுகாப்பு கிடையாது. நுரையீரல் கெட்டு, ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் மூச்சுக்குத் தவித்துச் செத்தார். அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "இனிமே என் மண்ணுல அது ஒரு சொட்டு விழாது. விழலைன்னு யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்." நல்ல விலை கிடைக்கும் என்பதெல்லாம் பிறகு தெரிந்த சங்கதி.

காகிதம் சும்மா வருமா? விண்ணப்பத்துக்குக் கட்டணம், சோதனைக்குக் கட்டணம், ஆபீசர் வந்துபோகும் வண்டிக்கும் கட்டணம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இவள் நிலம் ஒரு ஏக்கர்கூட முழுசாக இல்லை. நூறு ஏக்கர்காரனுக்கும் இதே கட்டணம்தான் என்று கேட்டபோது எனக்கே வயிறு எரிந்தது. அவளோ வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டினாள்.

கடைசிச் சோதனைக்குக் கட்டிய வாரம் பார்த்து, ஓரத்து நாலு வரிசை மிளகாயில் அசுவினிப் பூச்சி ஏறியது. பூண்டுக் கரைசல் அடிக்கலாம் என்றால், அவள் புது டேங்கின் பம்பு உடைந்து கிடந்தது. ரிப்பேருக்கு வைத்திருந்த காசுதான் கட்டணமாகப் போயிருந்தது. கொட்டகையில் புருஷனின் பழைய டேங்க் தொங்கியது. இறக்கி, சோப்புப் போட்டு ஏழு முறை கழுவினாள். இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தாள். மோந்து பார்த்தாள், ஒரு வாடையும் இல்லை.

"எந்த டேங்க்னு நோட்டுல எழுதணுமாம்மா?" என்றாள் மகள். வயலில் எதை அடித்தாலும் சான்றிதழுக்காக நோட்டில் எழுதிவைப்பது அவள் வேலை.

"அடிச்சது பூண்டுதானே? பூண்டுன்னு எழுது."

ஒரு மாதம் கழித்து ஆபீசர் சோதனை முடிவோடு வந்தார். சின்ன வயசு, இரக்கமுள்ள பிள்ளை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "அக்கா, ஓரத்து மிளகாயில மருந்து இருக்கு" என்று ஒரு பெயரைப் படித்தார். மகள் எழுந்துபோய் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். அப்பா எதைச் சுவாசித்தார் என்று டாக்டர் எழுதியிருந்த இடத்தில் அதே பெயர். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

ஆபீசர் குரலைத் தணித்தார். "பக்கத்து வயல்ல இருந்து காத்துல வந்ததுன்னு எழுதிடவா? அந்த நாலு வரிசையோட போயிடும். மிச்சத்துக்குச் சான்றிதழ் வந்துரும்."

பக்கத்து வயல் அவள் கொழுந்தனாருடையது. அண்ணன் சாவைப் பார்த்து மருந்தை அடியோடு விட்ட மனுஷர். இந்த வருஷம்தான் அவரும் விண்ணப்பம் போட்டிருந்தார். பழி அவர் மேல் விழுந்தால் அந்த விண்ணப்பம் அத்தோடு சரி.

"ஆமான்னு சொல்லும்மா" என்று மகள் கையைப் பிடித்தாள். மூன்று வருஷமாக ஒரு நாள் விடாமல் நோட்டு எழுதியவள் அவள்தானே.

மிளகாய்க்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்ததும் உண்மை.

"வேண்டாம் தம்பி. என் வீட்டுப் பழைய டேங்க்ல இருந்து வந்ததுன்னே எழுதுங்க."

"அப்ப முதல்ல இருந்து மறுபடியும் மூணு வருஷம், அக்கா. கட்டணமும் முதல்ல இருந்து."

அவள் கொட்டகைப் பக்கம் பார்த்தாள்.

"அந்த மனுஷன் பதினெட்டே நாள்ல போயிட்டாரு. அந்த விஷம் மட்டும் இன்னும் என் வீட்டுல உக்காந்திருக்கு. இதைத் தெரிஞ்சுக்கத்தான் தம்பி, நான் இத்தனை கட்டணம் கட்டியிருக்கேன்."