அப்பா பார்த்துக்கொண்ட மிக்ஸி

போன வருஷம்தான் வாங்கிய மிக்ஸி, சட்னி அரைக்கும்போதே கருகிய வாடை அடித்து நின்றுவிட்டது. பழுதுபார்க்க வந்தவர் அதைக் கவிழ்த்துப் பார்த்தார். "இதுக்கு பார்ட்ஸ் வராது அண்ணாச்சி. புதுசு வாங்கிருங்க."

அந்த வாடை என்னைக் கல்லிடைக்குறிச்சி வீட்டு அடுக்களைக்குக் கொண்டுபோய்விட்டது. அங்கேயும் மிக்ஸி எப்போதாவது இப்படிக் கருகும். தேங்காய்த் துவையல் இல்லாமல் அப்பாவுக்குச் சோறு இறங்காது. உடனே மிக்ஸியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திருநெல்வேலிக்கு பஸ் ஏறிவிடுவார். மோட்டாரில் தேய்ந்துபோன கார்பனை மாற்றி, பொழுது சாயுமுன் ஓடவைத்துக் கொண்டுவருவார்.

ஒரு வருஷம், நெல் அறுப்பு நேரத்தில், அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டே சமைத்தாள்.

"திருநெல்வேலி பெரியாஸ்பத்திரில ஒருக்கா காட்டிருவமா?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

"வாயுவாத்தான் இருக்கும். பூண்டு தட்டிப்போட்டுக் குடி. அறுப்பு முடியட்டும், பைய போவோம்."

அம்மா என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "ஏலே, நானும் மிக்ஸியாப் பொறந்திருந்தா இந்நேரம் பஸ் ஏறியிருப்பேன்."

நானும் சிரித்தேன். அறுப்பு முடியுமுன் அம்மா போய்விட்டாள்.

இன்றைக்கு, புது மிக்ஸி நின்றதும், என்னோடு இருக்கும் அப்பா அந்தக் கல்லிடைக்குறிச்சி மிக்ஸியைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். தூசி தட்டி மாட்டினேன். வீடே அதிர ஓடியது.

"பாத்தியாலே! நல்லா பாத்துக்கிட்டா எதுவும் ஒழைக்கும்" என்றார்.

நான் திரும்பாமல் மிக்ஸி மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, இன்னொரு முறை உரக்கச் சொன்னார்.