விதியைத் தளர்த்தச் சொன்ன சார்

ராஜபாளையத்தில் துணி கூப்பன் கொடுக்கிற ஆபீசில் நான் குமாஸ்தா. யுத்தக் கட்டுப்பாட்டில் துணிக்கு அளவு உண்டு. மகள் கல்யாணத்துக்காக அந்த விதியை ‘ரிலாக்ஸ்’ செய்யச் சொல்லி இன்று ஒரு மனு. அந்த இங்கிலீஷ் கையெழுத்து, ஸ்கூலில் எனக்கு இங்கிலீஷ் எடுத்த சாருடையது. நிமிர்ந்தால் எதிரே அவரேதான் நின்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது ஓர் ஆடிப்பூரத் தேர். எங்களுக்கு வெளியே போகத் தடை. என்னோடு சேர்ந்து வடம் பிடிக்க வந்த அப்பா, கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார். உள்ளே இங்கிலீஷ் சார் பாடம்.

“ஏலே, ரிலாக்ஸ்னா என்ன?”

“விதியைத் தளர்த்துறது சார்.”

“வாக்கியத்துல வச்சுச் சொல்லு.”

“இன்னைக்கு சார் விதியை ரிலாக்ஸ் பண்ணி என்னையத் தேருக்கு விடுவாக.”

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். “வாக்கியம் சரி. விதி தளராது. உக்காரு.”

வேட்டுச் சத்தம் தெருத்தெருவாக நகர்ந்து போனதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேர் நிலைக்கு வந்த பொறவுதான் விட்டார். அப்பா வாங்கி வைத்திருந்த மிட்டாய் காகிதத்தோடு ஒட்டிக் கிடந்தது. அடுத்த ஆடிக்கு அப்பா இல்லை.

இருபது வருஷமாக நான் ஒத்திகை பார்த்த வசனம் இன்று வெளியே வந்தது: “வாக்கியம் சரி சார். விதி தளராது. உக்காருங்க.”

சொல்லி முடித்தபோது நான் எழுந்து கைகட்டி நின்றிருந்தேன்.

சாயங்காலம் வரை அவரை பெஞ்சில் காக்க வைத்துவிட்டுத்தான் மனுவில் ‘அனுமதி’ சீல் குத்தினேன். அவர் சாவகாசமாகப் பேப்பர் படித்தார். அம்புட்டு நேரமும் உட்காராமல் நின்றது நான்தான்.