சவரியம்மாள் டீச்சரும் களத்துக்குப் போன ஒண்ணாம் வகுப்பும்

பொன்னமராவதி பஸ் எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கிற வழக்கம் இல்லை. போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் நின்றது. நான் ஐந்தாம் வகுப்புக்கு அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் படியில் நின்றபடியே கூப்பிட்டார்.

"சார், சவரியம்மா டீச்சர் நேத்துத் தவறிட்டாங்க. மஞ்சக் காமாலையாம். இன்னைக்குச் சாயந்தரம் அடக்கம். ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க."

யார் சொல்லச் சொன்னது என்று நான் கேட்பதற்குள் விசில் ஊதிவிட்டார். உள்ளே வந்து மீதிப் பெயர்களையும் கூப்பிட்டு முடித்தேன். பிறகு பார்த்தபோது, பாதிக்கு மேல் எல்லாப் பெயருக்கும் நேராக ஒரே கோடாக இழுத்து வைத்திருந்தேன்.

டீச்சருடன் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுவது என்று தீர்மானமானபோது, முதல் கட்டுரை என்னுடையதாக இருக்க வேண்டும் என்று சொன்னீர்கள். "டீச்சரோட பருவப் பாடத்துக்கு எடம் கொடுத்த ஹெட்மாஸ்டர் நீங்கதானே" என்று உங்களில் ஒருவர் சொன்னார். கூட்டத்தில் நான் அதை மறுக்கவில்லை. இங்கே மறுக்கிறேன். அதற்காகத்தான் எழுத ஒப்புக்கொண்டேன்.

நான் சொல்லும் காலத்தில் புதுக்கோட்டைச் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. இலுப்பூரிலிருந்து மூன்று மைலில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் நாங்கள் மூன்றே பேர். நான் நாலாவதும் ஐந்தாவதும். இன்னொருவர் இரண்டும் மூன்றும். ஒண்ணாம் வகுப்பு டீச்சருக்கு. கணவர் காலராவில் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ரெஜினா என்று ஒரே மகள். அக்காள் வீட்டோடு இலுப்பூரில் இருந்துகொண்டு, மகளைக் கையில் பிடித்தபடி தினமும் நடந்தே வருவார். குரல் பெரிது. அவர் 'அ' சொன்னால் என் வகுப்பில் கணக்குத் தப்பும். நான் பலமுறை சொல்லிப் பார்த்தேன். "மெதுவாச் சொன்னா இவுகளுக்குத் தூக்கம் வந்துருது சார். ஒங்க பிள்ளைக பெரிய பிள்ளைக, சமாளிச்சுக்கிருவாக" என்பார்.

அவருடைய பாடத்துக்கு நேரம் குறித்த அட்டவணை இருந்தது. சுவரில் நான்தான் ஒட்டியிருந்தேன். அவர் அதைப் பார்த்து நான் அறியேன். "ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைக்கு மாசம்னா காலண்டர்ல இல்லைங்க சார், கால்ல படுறதுதான்" என்று ஒருநாள் சொன்னார். ஆடியில் முற்றத்துப் புழுதி சுடும், காற்று அள்ளிக்கொண்டு போகும். அப்போது பனையோலையைக் கத்தரித்துக் கருவேல முள்ளில் குத்திக் காற்றாடி செய்வார்கள். எந்தத் திசையில் நின்றால் சுற்றுகிறது என்று பிள்ளைகளே ஓடிப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். ஐப்பசியில் எங்கள் ஓட்டுக்கூரை ஐந்தாறு இடத்தில் ஒழுகும். நானும் மற்றவரும் பிள்ளைகளை மூலைக்கு மூலை ஒதுக்கி உட்கார வைத்துவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருப்போம். டீச்சர் ஒவ்வொரு ஒழுக்குக்கு அடியிலும் ஒரு தகர டப்பாவை வைத்து, எது முதலில் நிறைகிறது, நிறைய எத்தனை சொட்டு ஆகிறது என்று எண்ண வைப்பார். மழை நின்றால் அந்த வகுப்பில் மட்டும் பிள்ளைகள் முகம் வாடும். மார்கழியில் கொடிக்கம்பத்தின் நிழலை மத்தியானத்தில் கரித்துண்டால் கோடு போட்டு, காலடி வைத்து அளப்பார்கள். போன மாதத்தைவிட நிழல் வளர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கம்பம்தான் வளர்ந்துவிட்டது என்று ஒரு பிள்ளை அடித்துச் சொன்னது. டீச்சர் மறுக்கவில்லை. "அப்பக் கம்பத்தையும் அளந்து பார்த்துருவோம்" என்று கயிறு எடுத்து வந்தார்.

எனக்கு இதெல்லாம் பிடித்திருந்ததா என்றால், பாதிதான் பிடித்திருந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, "மண்ணுல வெளையாடுறதுக்கு எங்க வீட்டுலயே எடம் இருக்குய்யா" என்று சத்தம் போட்டபோது, நான் அவரைச் சமாதானப்படுத்தினேனே தவிர, டீச்சருக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பாப்பாத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்த சிறுமி. சேர்ந்து ஒரு மாதம் ஆகியும் வாயைத் திறக்கவில்லை. பெயரைக் கேட்டால் பாவாடையைக் கசக்குவாள். ஊமை என்றே நான் பதிவேட்டில் குறிப்பெழுத இருந்தேன். டீச்சர் தடுத்துவிட்டார். ஆடியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொட்டாங்கச்சியில் மண் போட்டு அவரைக்காய் விதை ஊன்றக் கொடுத்தார். கொட்டாங்கச்சிமேல் சுண்ணாம்பால் அந்தந்தப் பிள்ளையின் பெயர். தன் விதை முளைத்ததா என்று பார்க்க வேண்டுமானால் தன் பெயர் எது என்று தெரிய வேண்டும். முப்பது பிள்ளைகளும் தங்கள் பெயரைப் படிக்கக் கற்றது அப்படித்தான். ஒரு வாரம் ஆகியும் பாப்பாத்தியின் விதை மட்டும் முளைக்கவில்லை. வேறு விதை போடலாமே என்றேன். "இல்லைங்க சார், அது அவ பாத்துக்கிட்டு இருக்கிற விதை. மாத்துனா கண்டுபிடிச்சுருவா" என்றார். பத்தாம் நாளோ என்னவோ, நான் கரும்பலகையில் வகுத்தல் போட்டுக்கொண்டிருந்தபோது, யாரென்று தெரியாத ஒரு குரல் பக்கத்து வகுப்பிலிருந்து பள்ளிக்கூடமே கேட்கக் கத்தியது. "மொளச்சிருச்சு! டீச்சர், என்னுது மொளச்சிருச்சு!" டீச்சர் வாசலுக்கு வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பது உண்மை.

அந்தத் தை மாதத்தில் நடந்ததை இனிச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் டீச்சர் என் மேசைக்கு வந்தார். "நாளைக்கு மேலக் களத்துல கதிரடிக்கிறாங்க சார். பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போகட்டுங்களா? ஒரு கதிருல எத்தனை நெல்லுன்னு எண்ணச் சொல்லணும். குச்சியைப் பத்துப் பத்தாக் கட்டி எண்ணிப் பழகிட்டாக, இப்ப நூறைக் காட்டிறலாம்."

"போயிட்டு வாங்க டீச்சர். பதினோரு மணி மணியடிக்கிறதுக்குள்ள இங்கிட்டு வந்துருங்க" என்றேன். இந்த வார்த்தைகள் எனக்கு இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கின்றன.

மறுநாள் பத்து மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் டிப்டி இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். போன வருஷ ஆய்வில் என் பதிவேடுகளில் குறை எழுதிப் போனவர் அவர்தான். இன்னொரு முறை குறை வந்தால் தலைமையாசிரியர் பொறுப்பு போய்விடும் என்று எச்சரித்தும் இருந்தார். ஒண்ணாம் வகுப்பைப் பார்த்தார். முப்பது சிலேட்டுகள் வரிசையாக இருந்தன. பிள்ளைகள் இல்லை.

"எங்கேய்யா கிளாஸ்?"

"களத்துக்குப் போயிருப்பாங்க போலங்க."

"போலன்னா? ஒமக்குத் தெரியாதா? நீர் பெர்மிஷன் கொடுத்தீரா?"

நான் யோசிக்கவே இல்லை. யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தால்கூட, அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். "இல்லைங்க, எனக்குத் தெரியாதுங்க" என்பது தும்மல் போல வந்தது.

பதினோரு மணிக்கு முன்னாலேயே பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். தலையெல்லாம் வைக்கோல் தூசி. ஒவ்வொரு கையிலும் ஒரு கதிர். டீச்சர் இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் சிரித்த முகமாகவே கும்பிட்டார். பாடத்தைக் காட்ட நல்ல நேரத்தில் வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பார்.

"யாரைக் கேட்டு அம்மா வெளியே கூட்டிப் போனீங்க?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மேசைமேல் இருந்த பதிவேட்டைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

அப்போது பாப்பாத்தி முன்னால் வந்தாள். "பெரிய சார்தான் போகச் சொன்னாகன்னு டீச்சர் சொன்னாகளே" என்றாள். தெளிவாகச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். நான் அந்தப் பிள்ளையைப் பார்த்து, "வாயை மூடு கழுதை! பெரியவங்க பேசுறப்ப என்ன பேச்சு?" என்று அதட்டினேன். அவள் கையிலிருந்த கதிர் கீழே விழுந்தது.

டீச்சர் குனிந்து அவள் தலையைத் தன் சேலையோடு அணைத்துக்கொண்டார். "நான் யாரையும் கேக்கலைங்க ஐயா. பிள்ளை ஏதோ தெரியாமச் சொல்லுது. அதை வையாதீங்க" என்றார். என்னைக் காப்பாற்றச் சொன்னார் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. அவர் காப்பாற்றியது பாப்பாத்தியை. யார் சொல்வது நிஜம் என்று ஓர் ஆறு வயதுப் பிள்ளையை நடுவில் நிறுத்தி விசாரிக்க அவர் விடவில்லை. அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் எழுத்து மூலமாக அறிக்கை கேட்டார். "தலைமையாசிரியரின் அனுமதியின்றி" என்று என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மாசி மாதம் டீச்சருக்கு மாற்றல் வந்தது. பொன்னமராவதிக்கு அங்கிட்டு, பஸ்ஸை விட்டு இறங்கி ஐந்து மைல் நடக்க வேண்டிய ஊர். அங்கே மூன்றாம் வகுப்பு வரைதான் இருந்தது. ரெஜினா அந்த வருஷத்தோடு மூன்றாவது முடிக்கிறாள். அதனால் மகளை அக்காள் வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போனார். போகிற அன்று என்னிடம் வகுப்புச் சாவியையும் சாக்பீஸ் டப்பாவையும் கொடுத்தார். கொட்டாங்கச்சிகள் ஜன்னலோரம் இருக்கின்றன, தண்ணீர் விடச் சொல்லுங்கள் என்றார்.  பாப்பாத்தி ஐந்தாம் வகுப்பு வரை எங்களிடம்தான் படித்தாள். என் முன்னால் ஒருநாளும் வாய்விட்டுப் பேசியதில்லை.

இடையில் ஒரே ஒருமுறை அவரைப் பார்த்தேன். பொன்னமராவதியில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. இடைவேளையில் எனக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். அந்த ஊரில் மலையோரமாக மேகம் கட்டுவதைப் பிள்ளைகள் முதலிலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறார்கள், அவர்களிடம் தானும் கற்றுக்கொள்வதாகச் சொன்னார். நான் "அன்னைக்கு நான், டீச்சர்..." என்று ஆரம்பித்தேன். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார். "ஒங்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் என் பாரத்தை இறக்கிவைக்க அவர் தோள் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். மாதா கோவில் மணி அடித்தது, பிள்ளைகள் வரிசையாக வந்து மண் போட்டார்கள். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, வீட்டு வாசலில் நின்ற ரெஜினாவிடம் போனேன். இப்போது அவள் ஆசிரியைப் பயிற்சி முடித்த பெண். எனக்குத் தகவல் சொல்லி அனுப்பியது அவள்தான் என்று அப்போது தெரிந்தது.

"ரெஜினா, அன்னைக்குக் களத்துக்குப் போகச் சொன்னது நான்தான். இன்ஸ்பெக்டர்கிட்ட இல்லைன்னு பொய் சொன்னேன்" என்றேன். பதினைந்து வருஷமாகச் சொல்லிப் பழகாத வார்த்தைகள்.

"தெரியுங்க சார். நான் அப்ப மூணாங் கிளாஸ்ல ஜன்னலோரமா ஒக்காந்திருந்தேன்" என்றாள். "அம்மா ஒங்களைப் பத்திக் கொறையா ஒரு நாளும் பேசுனதில்லைங்க. நான் பேசுனாலும் வையும். ஆனா நாலாம் கிளாஸ்ல இருந்து எட்டாம் கிளாஸ் வரைக்கும் எனக்கு ஞாயித்துக்கெழமை மட்டும்தான் அம்மா. அதை ஒங்ககிட்ட ஒருதடவை சொல்லணும்னுதான் வரச் சொன்னேன்."

 அவள் உள்ளே போய் துக்கத்துக்கு வந்திருந்த மற்றவர்களைக் கவனிக்கத் தொடங்கினாள்.

மலரில் இதைப் போடத் தயங்குவீர்கள் என்றால், என் பெயரை எடுத்துவிட்டுப் போட வேண்டாம். பெயரோடு போடுங்கள்; இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அவருடைய பாடமுறை எனக்கு வராது. அதில் எனக்குப் பங்கும் கிடையாது. அவருடையதாக என்னிடம் இருப்பது ஒரு தபால் கார்டு. மாற்றலாகிப் போன இரண்டாவது வாரம் எழுதியது. மூன்று பிள்ளைகளின் பெயரைக் குறித்து, யாருக்கு எந்த எழுத்து இன்னும் வரவில்லை என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே: "பங்குனி பிறந்தால் இலுப்பைப் பூ விழும். காலையில் பிள்ளைகளை மரத்தடிக்குக் கொண்டுபோய்ப் பொறுக்க விடுங்கள். நூறு வரை எண்ணுவார்கள். நூறுக்கு மேல் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அதை நீங்கள் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்."

பங்குனி வந்தது. பூவும் விழுந்தது. அந்த வருஷம் நான் பிள்ளைகளை வெளியே விடவில்லை. கார்டுக்குப் பதிலும் எழுதவில்லை.