பின்னால் உட்கார்ந்தவர்

இந்தப் பூலோகத்தில் ஆகாயத்தைப் பற்றி முழுசாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பெருமாளைச் சுமக்கிற கருடாழ்வார். மற்றவர் கொட்டகுடி விஞ்சில் சக்கரத்துக்கு எண்ணெய் போடுகிற எங்கள் அழகுமலை அண்ணன். கருடாழ்வாருக்கு எண்ணெய் போடத் தெரியாது என்பதால் முதலிடம் அண்ணனுக்கே.

எண்ணெய்க் குப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு இரும்புக் கம்பத்தில் ஏறுமுன் ஆள்காட்டி விரலை நக்கி மேலே நீட்டுவார். விரலின் எந்தப் பக்கம் சில்லென்கிறதோ அந்தப் பக்கத்துக் காற்று. "மேகாத்து. எறங்குறப்ப மூக்கைத் தூக்கிப் பிடிக்கணும்" என்பார். எதன் மூக்கை என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் பஸ்ராவிலிருந்து ஆரம்பிப்பார். மேலே போகவேண்டிய அரிசி மூட்டை அந்தரத்தில் தொங்கும்.

விஞ்சு என்பது வேறொன்றுமில்லை. அடிவாரத்திலிருந்து மலையுச்சி வரைக்கும் கம்பிவடம். வடத்தில் தட்டுகள் தொங்கும். போடியிலிருந்து வண்டிகளில் வருகிற அரிசி மேலே ஏறும். தேயிலைப் பெட்டிகள் கீழே இறங்கும். ஏலக்காட்டுக்குப் போகிற சனம் மட்டும் நடந்தே ஏறவேண்டும். அரிசிக்கு இருக்கிற மரியாதை அதைத் தின்கிறவனுக்குக் கிடையாது.

அண்ணனுக்கு ஊர் சிலமலை. வீட்டில் சோளக்காடும் இரண்டு ஜோடி மாடும் இருந்தன. இவர் மண்ணைக் கிண்டாமல் போடியில் பஞ்சு ஆலைக்குப் போய் யந்திரங்களைக் கழற்றி மாட்டக் கற்றார். ஜெர்மன் சண்டைக்கு ஆள் எடுத்தபோது கப்பலேறிவிட்டார். அரபு தேசத்துப் பஸ்ராவில் அவருக்கு ஏரோப்ளேன் பழுதுபார்க்கிற வேலை. மரச்சட்டத்தின்மேல் துணியை இழுத்துத் தைத்து, நாற்றமடிக்கிற வார்னீஷைப் பூசினால் இறக்கை ஆயிற்றாம். "பாவாடை தைக்கிற மாதிரிதான் அப்பு. பாவாடை கிழிஞ்சா மானம் போகும். இது கிழிஞ்சா உசுரு போகும்" என்று, விஞ்சில் அவருக்கு எடுபிடியாக இருந்த எனக்கு விளக்குவார்.

அந்தப் பட்டாளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பழுதுபார்த்தவன் யாரோ, அவனே முதல் தடவை பறக்கும்போது பின் இருக்கையில் உட்கார வேண்டும். ஆணியைச் சரியாக முறுக்காதவன் ஆணியோடு சேர்ந்து விழட்டும் என்கிற நியாயம். மற்றவர்கள் பின் இருக்கையில் தொழுகை நடத்தினார்கள். சிலர் வாந்தி எடுத்தார்கள். அண்ணன் மட்டும் வேண்டுமென்றே எங்கேயாவது பழுது இருக்கிறதா என்று தேடினார். ஒருநாள் முன்னால் இருந்த துரை திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஏரோப்ளேனைச் சாய்த்துத் திருப்புகிற பின்பக்கத்துப் பிடிகோலை இவர் கையில் விட்டார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரம்தான். அதோடு அழகுமலை அண்ணன் இந்த உலகத்துக்கு உதவாமல் போய்விட்டார்.

விஞ்சில் எதைப் பழுதுபார்த்தாலும் பஸ்ரா வழக்கப்படி முதல் தட்டில் இவரே ஏறிப் போவார். ஆள் ஏறக்கூடாது என்று போர்டு இருக்கிறது. கண்காணி அந்த நேரம் பார்த்து மூக்குப்பொடி போடப் போய்விடுவார். கீழே ஏலச்செடியும் பள்ளமும் நழுவ, மேகத்துக்குள் நுழைந்து மறைவார். திரும்பி வரும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே! இழவு வீட்டுக்குப் போய்வந்த முகம்.

"எப்படிண்ணே இருந்துச்சு?"

"பாடையில போற பொணம் மாதிரி இருந்துச்சு. வடம் இழுக்குது, நாம போறோம். கைக்குச் சோலியே இல்லை."

வீட்டில் ராக்கு மதினி சோறு ஆக்கும்போது அண்ணன் அகப்பைக் காம்பைப் பிடிகோல் மாதிரி பிடித்து முன்னும் பின்னும் சாய்ப்பார். மதினி பிடுங்கிக்கொள்வாள். "வானத்துல போறவருக்கு நம்ம கூரையில ஏறி ரெண்டு கீத்தை மாத்த முடியலை. நான் நனைஞ்சுக்கிட்டே பொங்குறேன். தொரை எங்கிட்டுப் போறாக? லண்டனுக்கா?"

"மழையை மேலயிருந்து பாத்தா அழகா இருக்கும் ராக்கு."

"கீழயிருந்து பாக்குறவ நானு."

போன ஐப்பசி மழையில் வடத்தின் ஒரு புரி அறுந்து சாட்டை மாதிரி வீசி இவர் முகத்தில் அடித்தது. இடக்கண் நாவற்பழமாக வீங்கி, பிறகு வடிந்தது. "சரியாப் போச்சு" என்றார். பார்க்கவும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் யாரோடு நடந்தாலும் அவர்களை வலப்பக்கத்துக்குத் தள்ளிவிட்டு நடக்க ஆரம்பித்தார். வெற்றிலைப் பை எப்போதும் இடப்பக்கம் கிடக்கும். கண்ணெதிரே அதை எடுத்தால் கத்துவாரே, வேடிக்கை பார்க்கலாம் என்று ஒருநாள் எடுத்தேன். கத்தவில்லை. பை இருந்த இடத்தைக் கையால் தடவித் தடவித் தேடினார். இடக்கண்ணுக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோய் ஆட்டினேன். இமை அசையவில்லை. பையைச் சத்தமில்லாமல் அவர் கைக்குத் தட்டுப்படுகிற இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

இது தை மாதக் கதை. மாசியில் பஸ்ரா துரையிடமிருந்து ஆள் மூலம் சேதி வந்தது. அவர் சென்னைப்பட்டணத்தில் இரண்டு பழைய ஏரோப்ளேன்களை வாங்கி வேடிக்கை காட்டுகிறாராம். அழகுமலை வந்து பழுதுபார்க்கட்டும். கூடவே ஓட்டவும் கற்றுத்தருகிறேன் என்றிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும் என்று, விஞ்சை நடத்துகிற கம்பெனியின் மலை ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கிவர வேண்டும்.

அண்ணன் அன்று எல்லாச் சக்கரத்துக்கும் இரண்டு தரம் எண்ணெய் போட்டார். சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை, விஞ்சிலேயே கிழவனாகிவிடலாம். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண் தெரியாதது வெளிப்பட்டாலோ, கம்பெனிச் சட்டப்படி விஞ்சு வேலையும் போய்விடும். சாயங்காலம் மதினி கேட்டாள்: "போகப்போறீகளா?"

"போறேன்."

"அந்தக் கண்ணை வச்சுக்கிட்டா?" அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

அவர் பட்டாளத்துக் காக்கிச் சட்டையை எடுத்து உதறினார். அதிலிருந்து கரப்பான் ஒன்று பறந்தது. அது பறந்து போய்ச் சுவரில் உட்காரும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலை ஆஸ்பத்திரியில் கண் பார்ப்பது கம்பவுண்டர் பால்சாமி. ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி விரல்களைக் காட்டி எண்ணிக்கை கேட்பார். அவர் சரி என்று எழுதினால் டாக்டர் துரை கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். அன்றைக்கு எனக்கும் பொல்லாத இருமல் கண்டிருந்தது. மருந்துக்குப் போனவன், கம்பவுண்டருக்குப் பின்னால் ஜன்னலோரம் நின்றேன்.

அண்ணன் தலையில் எண்ணெய் வழிய, காக்கிச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். முதலில் இடக்கண்ணைப் பொத்தினார். மூன்று, ஒன்று, ஐந்து. எல்லாம் சரி. பிறகு வலக்கண்ணைப் பொத்தினார்.

கம்பவுண்டர் இரண்டு விரலைக் காட்டினார். நான் இரண்டு தரம் இருமினேன்.

"ரெண்டு" என்றார் அண்ணன். சொல்லும்போதே முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை.

"சரி. வெரசா இதையும் சொல்லிரு." நான்கு விரல். நான்கு தரம் இருமினேன்.

அண்ணன் இருமல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். கம்பவுண்டர் விரலை ஆட்டினார். நான் திரும்பவும் இருமினேன். இன்னொரு தரம் நான்கு.

"பால்சாமியண்ணே, மொதல்ல சொன்னதையும் அடிச்சிருங்க. எனக்கு ஒண்ணும் தெரியலை."

"ஏய், சரியாத்தானப்பா சொன்னே?"

"ஓட்டுறவனை நம்பி எவனாச்சும் பின்னால உக்காந்திருப்பான்ல."

கம்பவுண்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அழகுமலை, இதை நான் எழுதுனா விஞ்சுச் சோலியும் போயிருமேப்பா."

"போகும்ணே. எழுதுங்க."

வலக்கண்ணைப் பொத்திய கையை அவர் எடுக்கவில்லை. அப்படியே எழுந்து, மற்றொரு கையை முன்னே நீட்டி, மேசை விளிம்பைத் தடவி, கம்பவுண்டரின் தோளைத் தடவி, ஜன்னல் கம்பியைத் தடவி, நேராக என்னிடம் வந்து காதைப் பிடித்தார்.

"இருமல் நின்னுருச்சா அப்பு?"

பிடித்த காதைத் திருகவில்லை. விடவும் இல்லை.