பலகையில் போட்டபடி மூன்று மணிக்கு

ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு நான் மனநல ஆலோசகர் ஆனேன். அதற்கு முன் பதினேழு வருஷமாக வணிகவியல் நடத்திக்கொண்டிருந்தேன். கல்லூரிக்கு ஆய்வுக்குழு வரப்போகிறது, அவர்கள் பார்க்கும் பட்டியலில் ‘மாணவர் ஆலோசனை மையம்’ என்று ஒரு வரி இருக்கிறது, நம்மிடம் அப்படி ஒன்று இல்லை என்பதை அன்று காலைதான் யாரோ கண்டுபிடித்தார்கள். எப்போதோ ஒரு மூன்று நாள் பயிற்சிக்குப் போய் நான் வாங்கிய சான்றிதழ் முதல்வருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பயிற்சியில் எனக்கு ஞாபகம் இருப்பது மதியச் சாப்பாடு மட்டும்தான். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

விளையாட்டுச் சாமான் போட்டுவைக்கும் அறையைக் காலி செய்தார்கள். வாசலில் பலகை மாட்டினார்கள்: திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை 3 முதல் 4 வரை. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியை என் எதிரே உட்காரவைத்து, இடமும் நேரமும் பதிகிற மாதிரி படம் எடுத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். “கொஞ்சம் கவலையா இரும்மா” என்றார் படம் எடுத்தவர். ஒருவழியாகக் கவலைப்பட்டாள். படத்தைக் கோப்பில் சேர்த்துவிட்டு அறையைப் பூட்டினார்கள். நானும் நிம்மதியாகப் பற்று வரவுக்குத் திரும்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து வாட்ச்மேன் என்னை வழிமறித்தார்.

“டீச்சர், ஒரு புள்ள தெனமும் மூணு மணிக்கு வந்து அந்த ரூம் வாசல்ல நிக்குது. நாலு ஆனதும் போயிருது. என்னம்மான்னு கேட்டா போர்டக் காட்டுது.”

பலகையை நம்பி ஒருத்தி வருவாள் என்று எங்களில் யாருமே எதிர்பார்க்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு போனேன். வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. என் முகத்தைப் பார்க்காமல் பூட்டைப் பார்த்துப் பேசினாள்.

“பதினோரு நாள் நீங்க வரல, மேம்.”

“வேலை இருந்துச்சும்மா.”

“பதினோரு நாளுமா?”

கேலி இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பதினேழு வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கதவைத் திறந்தேன்.

அவளிடம் ஒரு கோப்பு இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு மருத்துவர் அவளுக்கு ‘ஆஸ்பெர்கர்’, அதாவது ஆட்டிசத்தில் ஒரு வகை, என்று எழுதிக் கொடுத்திருந்தார். அறிவில் குறையில்லை, சுற்றி வளைத்துப் பேசினால் புரியாது, கூச்சலும் வாசனையும் தாங்காது. எழுத்துத் தேர்வில் எல்லாம் நல்ல மதிப்பெண். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் மட்டும் அரியர். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், “இதப் பத்திக் கொஞ்சம் சொல்ல முடியுமா?” என்று கேட்டிருக்கிறார். இவள் “முடியும்” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருக்கிறாள். திமிர் என்று நினைத்து அவர் பூஜ்ஜியம் போட்டுவிட்டார்.

“இந்தத் தடவையும் போச்சுன்னா வீட்ல நிப்பாட்டிருவாங்க. அப்புறம் பூ ஷெட்டுல உக்காரணும்” என்றாள்.

வீடு நிலக்கோட்டைப் பக்கம். குடும்பமே மல்லிகை வியாபாரம். அவளுக்கோ மல்லிகை வாசம் பட்டால் குமட்டிக்கொண்டு வரும். கல்லூரிதான் அவள் மூச்சுவிடும் இடம், அதுவும் எல்லோரும் பூ வைத்துக்கொண்டு வரும் வெள்ளிக்கிழமை நீங்கலாக.

சிறப்பு மருத்துவரின் கடிதம் இருந்தால் வைவாவைத் தனி அறையில், கேள்வியும் பதிலும் தாளில் எழுதி நடத்தலாம் என்று தேர்வுப் பிரிவில் சொன்னார்கள். பழைய கடிதம் செல்லாது, புதிது வேண்டும். அதை எழுதியவரோ வெளிநாடு போய்விட்டார். ஆக, சிறப்பு மருத்துவரைத் தேடிக் கிளம்பினோம்: நான், அவள், அவள் அம்மா.

திண்டுக்கல்லில் முதலில் குழந்தை நல மருத்துவர். சுவரில் ஒட்டகச்சிவிங்கி படம். எங்களைச் சுற்றி ஏழெட்டுக் கைக்குழந்தைகள் வீறிட்டுக்கொண்டிருந்தன. இவள் காதைப் பொத்திக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மருத்துவர் வயதைப் பார்த்ததும், “பதினெட்டு தாண்டிருச்சே, நான் பார்க்கக் கூடாதே” என்று பெரியவர்களுக்கான மருத்துவரிடம் அனுப்பினார். அவர் கோப்பைப் புரட்டிவிட்டு, “இது சின்னப் பிள்ளைங்க சமாச்சாரமாச்சே” என்று திரும்ப அங்கேயே கைகாட்டினார். பதினெட்டாவது பிறந்த நாளன்று கேக் வெட்டும்போது இது தானாகக் கழன்று விழுந்துவிடும் போலிருக்கிறது. இவர்கள் வீட்டில் அன்று கேக் வெட்டாமல் விட்டதுதான் தப்பு.

மூன்றாவதாக, செல்போன் கடைக்கு மேலே ஒரு ‘மூளைத் திறன் மேம்பாட்டு மையம்’. கோட்டு போட்ட ஒருவர், கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் படிக்கக் கற்றுத் தருவதாகச் சொன்னார்.

“கண்ணத் தொறந்துட்டே எனக்குப் படிக்கத் தெரியும்” என்றாள் இவள்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு படியிறங்கும்போது சிரிப்பு போய்விட்டது. அங்கேயும் ஒரு பலகை, என் வாசலிலும் ஒரு பலகை. அவராவது கோட்டு போட்டிருந்தார்.

கடைசியில் மதுரையில் ஒரு மனநலச் சிறப்பு மருத்துவர் கிடைத்தார். மூன்று வாரம் காத்திருந்து போனோம். பேருந்தில் ஏறியதும் அம்மா தன் தலையிலிருந்த பூவை எடுத்துக் கவரில் போட்டு, கவரை இறுக்கி முடிச்சுப் போட்டு, பைக்குள் அடியில் திணித்துவிட்டுத்தான் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“வேறென்ன டீச்சர் செய்ய? நமக்குத் தெரிஞ்ச வைத்தியம் அம்புட்டுத்தான்” என்றார்.

அன்று வரை நான் பார்த்த மருத்துவர்களைவிட அந்த அம்மா எவ்வளவோ மேல்.

மதுரை மருத்துவர் இரண்டு மணி நேரம் அவளோடு பேசினார். பிறகு கடிதம் எழுதினார். தனி அறை, எழுத்தில் கேள்வி, எழுத்தில் பதில். கடைசியாக ஒன்று: தினமும் ஒரே நேரத்தில், அமைதியான ஒரே இடத்தில், எதையும் நேராகச் சொல்லும் ஒரு ஆளோடு ஒரு மணி நேரம்.

“உங்க காலேஜ்ல மூணு மணிக்கு அப்படி ஒரு மையம் இருக்குன்னு சொன்னாளே. பல காலேஜ்ல இது கிடையாதுங்க, மேடம்” என்று என்னைப் பாராட்டினார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கடிதத்தை முதல்வரிடம் கொடுத்தேன். “பார்ப்போம்” என்றார். எங்கள் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. “என்னைக்குப் பாப்பாங்க?” என்று தினமும் மூன்று மணிக்கு நான் அறையைத் திறந்ததும் கேட்டாள்.

ஆய்வுக்குழு வந்தது. எங்கள் மையத்துக்குக் காலையிலேயே மின்விசிறி வந்தது, நாற்காலி வந்தது, ஒரு தொட்டிச் செடியும் வந்தது. படத்தில் கவலைப்பட்ட மாணவியே மறுபடியும் கவலைப்படத் தயாராக நின்றாள். குழு உள்ளே நுழையும்போது மணி மூன்று. சொல்லிவைத்த மாதிரி இவளும் வந்துவிட்டாள்.

“இந்த மையம் உனக்கு உபயோகமா இருக்காம்மா?” என்று குழுவின் தலைவர் இவளிடமே கேட்டுவிட்டார்.

“மொதல்ல பதினோரு நாள் பூட்டியிருந்துச்சு. அப்புறம் மேம் இருபத்தெட்டு நாள் வந்தாங்க. அதுல ரெண்டு நாள் லேட். இந்த ஃபேன் பிசிக்ஸ் லேப் ஃபேன். காலைலதான் மாட்டுனாங்க.”

முதல்வர் தொட்டிச் செடியைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தலைவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். அவர் எழுதியது பிறகு அறிக்கையில் வந்தது: ‘மாணவர்களைத் தங்கள் கருத்தை அச்சமின்றி வெளிப்படுத்தவைக்கும் ஆலோசனை மையம் இக்கல்லூரியின் தனிச்சிறப்பு.’

மறுநாள் மின்விசிறி திரும்பிப் போனது, செடியும் போனது. அறையில் கேரம் பலகைகளை அடுக்கப்போவதாகச் சொல்லிச் சாவியைக் கேட்டார்கள். நான் அறிக்கையின் நகலோடு முதல்வர் அறைக்குப் போனேன்.

“நம்ம தனிச்சிறப்பு இதுதான்னு எழுதியிருக்காங்க, சார். மையத்துக்கு வந்த ஒரே ஒரு புள்ளையோட கடிதத்த நாம கண்டுக்கலன்னா, அடுத்த தடவை ஆதாரம் கேப்பாங்க. எதக் காட்டுவீங்க?”

அந்தப் பெண்ணின் நிலைமைக்கு அசையாதவர், ஆதாரம் என்ற சொல்லுக்கு அசைந்தார். அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

வைவா எங்கள் அறையில்தான் நடந்தது. தேர்வாளர் பத்துக் கேள்வி எழுதிக் கொடுத்தார். இருபது நிமிஷத்தில் பத்துக்கும் பதில் எழுதிவிட்டு, ஏழாவது கேள்வியில் ஒரு தவறு இருப்பதையும் ஓரத்தில் குறித்திருந்தாள். தேறிவிட்டாள்.

முடிவு வந்த மறுநாள் மூன்று மணிக்கு நான் ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்தது என்ற நினைப்பு. சுவர்க் கடிகாரத்தில் மூன்று தாண்டியிருந்தது. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“எட்டு நிமிஷம், மேம்.”

“அதான் பாஸாயிட்டியேம்மா. நீ வருவேன்னு நான் நினைக்கல.”

“போர்டு இன்னும் இருக்கே.”

கதவைத் திறந்தேன். சாவியை நான் இன்னும் அலுவலகத்தில் திருப்பிக் கொடுக்கவில்லை.