கட்டுரையில் இல்லாத சுடுதண்ணீர்

இலங்கை மலையகத்தில், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றின் மிட்வைஃப் அம்மா, வெள்ளைச் சேலைக்கு மேல் எப்போதும் நூல் பிரிந்த பச்சை ஸ்வெட்டர் போட்டிருப்பார். கொழுந்து பறிக்கும் பெண்கள் நோவை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அதனால் அவர், "நேத்து மலையில வேலைக்கு நடுவுல எத்தன தடவ உக்காந்தீங்க?" என்று கேட்பார். அதற்கு முன், கூட வந்த, அவர்களை வேலை வாங்கும் கங்காணியைச் சுடுதண்ணீர் கொண்டுவர அனுப்பிவிடுவார்.

மருத்துவ மாணவர்களுக்கு நோயாளியிடம் பேசக் கற்றுத்தருவதைப் பற்றி ஆராய வந்த வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர், அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டார். மொழிபெயர்த்தவன் நான்.

கட்டுரை வெளியானதும் மிட்வைஃப் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பெயர் அதில் இல்லை. அவர் அதைத் தேடவுமில்லை.

"கங்காணிய வெளிய அனுப்புறத விட்டுட்டாங்களே தம்பி! வேலைய விட்டுட்டு உக்காந்தேன்னு அவரு முன்னால யாரு சொல்லுவா? நான் சொன்னேன்னு எழுதிப் போடுங்க."

பேராசிரியருக்கு எழுதினேன். இதைச் சொல்லும் ஆய்வு எங்காவது வெளியாகியிருக்கிறதா என்று பதில் வந்தது.

போன மாதம் தோட்டத்துக்கு வந்த, தமிழ் தெரியாத இளம் டாக்டர் அந்தக் கட்டுரையைப் படித்திருந்தார். கங்காணி பக்கத்தில் நிற்க, அதே கேள்வியைக் கேட்டார். அவருக்கும் மொழிபெயர்த்தவன் நான்தான்.

"உக்காரவே இல்லைங்க" என்றார்கள் எல்லாப் பெண்களும். ஒவ்வொருத்தி பெயருக்கு நேரேயும் நோவில்லை என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

"கங்காணி, கொஞ்சம் சுடுதண்ணி கொண்டாறீங்களா?" என்றார் அம்மா.

அதையும் மொழிபெயர்த்தேன். தனக்குத் தாகமில்லை என்று டாக்டர் கைகாட்டித் தடுத்தார். அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.