குச்சுக்கு ஓலை வெட்டுகிற பையன்கள்

சித்தூர்ப் பக்கம் நான் வாத்தியாராக இருந்தபோது, பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லித்தர ஒரு நர்ஸம்மா வந்தார். மெலிந்த உடம்பு, தூங்காத கண்கள். உட்காரவே மாட்டார். நின்றபடி தோல்பையின் கொக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

பையன்களை வெளியே அனுப்பச் சொன்னார் தலைமையாசிரியர். வீடு வீடாகப் போய்க் கெஞ்சிப் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிவந்த மனிதர் அவர்.

"ஏனுங்க, புள்ள பெரியவளானா ஊரைக் கூட்டிச் சீர் வெக்கறீங்க. அவளை உக்கார வெக்கற குச்சுக்கு ஓலை வெட்டியாறதே இந்தப் பசங்கதானுங்க. அது எதுக்குன்னு மட்டும் அவங்க கேக்கக் கூடாதுங்களா?" என்றார் நர்ஸம்மா.

"ஒண்ணா உக்கார வெச்சா நாளைக்கு ஒரு புள்ளகூட வராதுங்கம்மா" என்றார் தலைமையாசிரியர்.

கொக்கி படக்கென்று மூடியது. பையன்களை நான் புளியமரத்தடிக்கு ஓட்டிப்போனேன். உள்ளே பெண்களுக்கு மட்டும் பாடம் நடந்தது.

மறுநாள் பையன்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பாடம் என்னவென்று வீடுகளில் தெரிந்துபோயிருக்க வேண்டும்; தனியாக உட்கார வைத்தும் பெண்கள் உட்காரும் பலகை காலியாகக் கிடந்தது.

"புள்ளைங்க ஏனுங்க சார் வரலை?" என்றான் ஒருவன்.

அதைச் சொல்லத் தெரிந்த அந்த நர்ஸம்மா முந்தின நாளே மாட்டுவண்டி ஏறிப் போய்விட்டார். என் காதில் அந்தக் கொக்கி இன்னும் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது.